வாய்வாளாமை: குடவாயிற் செய்தியை முன்வைத்து ஒரு சொல்லாய்வு

1. தோற்றுவாய்

பேசுதலைக் குறிக்கும் சொற்கள் தமிழிற் பலவாதலை யாவரும் அறிவர். கூறல், சொல்லல், உரைத்தல், மொழிதல், கிளத்தல், செப்பல், இயம்பல், பகர்தல், விளம்பல் என அவற்றை எவரும் எளிதில் அடுக்கிக் கூறலாம். பேசாமையைக் குறிக்கும் சொற்களும் அவற்றிற்கு இளைத்தன அல்ல. அவிதல், அடங்கல், செறிவு, வாளாமை, வாய்வாளாமை, உரையாமை, பேசாமை, வாய்புதைத்தல், சும்மா இருத்தல், மோனம், மௌனம், நிசப்தம், அமைதி என அவை பல காலத்தும் பல துறையினும் வழங்கி வந்துள்ளன. ஆயின் இக்கால உரைநடையில் இவற்றுட் பெரும்பாலன ஒதுங்கிவிட, மௌனம், அமைதி என்னும் இரண்டுமே ஏனையவற்றின் இடத்தையும் சேர்த்து ஆளுகின்றன. இதனாற் பொருள் வேறுபாடுகள் சில மறைந்தன. மறைந்தவற்றுள் ஒன்று வரலாறு எழுதுவார்க்கு இன்றியமையாதது. அதனை எடுத்துக்காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

பேசாமையைக் குறிக்கும் தமிழ்ச் சொற்களுட் பெரும்பாலன வினையடியாகப் பிறந்தவை. அவற்றுள்ளும் பல எதிர்மறை வடிவின. சொல்லாமை, உரையாமை, கிளவாமை, பேசாமை என்பன அத்தகையன. வினை என்பது வினைமுதலை வேண்டி நிற்பது. ஆகவே 'சொல்லாமை' என்ற அளவிலேயே, சொல்லாதவர் யார், யாரிடத்துச் சொல்லவில்லை, எதனைச் சொல்லவில்லை என்னும் வினாக்கள் உடன் எழுகின்றன. மேலும், சொல்ல வல்லவன் சொல்லாதிருத்தல் சொல்லாமை. சொல்லும் ஆற்றலோ உரிமையோ இன்றி இருத்தல் சொல்லமாட்டாமை. பொருள் சொல்லின் எல்லையைக் கடந்து நிற்றல் சொல்லொணாமை. இம்மூன்றனையும் தமிழ் தன் வினைவடிவாலேயே பிரித்துக் காட்டவல்லது. மௌனம் என்னும் பெயரோ வினைமுதலை வேண்டாது தனித்து நிற்பது. மூன்றனையும் ஒன்றாகவே காட்டுவது.

இவ்வேறுபாட்டின் பயனை உணர்தற்குக் குடவாயிலைப் பற்றிய பழஞ்செய்தி ஒன்று தக்க சான்றாகின்றது.

2. குடவாயிற் கோட்டம்

இன்று குடவாசல் என வழங்கும் ஊரே பழைய குடவாயில். தஞ்சை மாவட்டத்தினின்று 1991-இல் நாகப்பட்டினம் மாவட்டமும், அதனின்று பின்னர்த் திருவாரூர் மாவட்டமும் பிரிக்கப்பட்டமையின், இப்பொழுது அது திருவாரூர் மாவட்டத்தைச் சார்ந்த வட்டத் தலைமையூராக உள்ளது. சங்கப் புலவர் குடவாயிற் கீரத்தனார் இவ்வூரினர். அகநானூற்று 44-ஆம் பாட்டில் அவர் தம் ஊரைப் பழைய நெல் மிகுந்த தண்ணிய ஊராகக் காட்டுகின்றார். திருஞானசம்பந்தர் இவ்வூர்மேற் பாடிய இரண்டு பதிகங்கள் இரண்டாந் திருமுறையில் உள்ளன. இங்குள்ள கோணேசுவரர் கோயில் மாடக்கோயில் அமைப்பினது. கோச்செங்கட் சோழன் எடுப்பித்தவற்றுள் ஒன்று என்பது வழிவழி வரும் செய்தி.

அச்சோழனொடு இவ்வூரைப் பிணிக்கும் மற்றொரு செய்தி புறநானூற்று 74-ஆம் பாட்டின் இறுதிக் குறிப்பில் காணப்படுகின்றது. சேரமான் கணைக்கால் இரும்பொறை திருப்போர்ப்புறத்தில் சோழன் செங்கணானொடு பொருது பிடிபட்டான், குடவாயிற் கோட்டத்துச் சிறையில் இடப்பட்டான், தண்ணீர் கேட்டான், கேட்டபொழுது பெற்றிலன், பின்னர்ப் பெற்றான், பெற்ற நீரைக் கையில் வைத்திருந்தும் உண்ணாது, இப்பாட்டினைச் சொல்லி உயிர் நீத்தான். இதுவே அக்குறிப்பு தரும் வரலாறு. பாட்டின் கருத்தாவது, இறந்து பிறந்த குழவியையும் வடிவற்ற தசைப்பிண்டத்தையும் கூட ஆள் அன்றெனத் தள்ளாது வாளால் வடுப்படுத்தும் குடியிற் பிறந்தும், சங்கிலியிற் பிணிப்புண்ட நாய்போல் இருந்து, ஈரமற்ற பகைவரிடம் நீர் இரந்து உண்ணும் நிலைக்கோ பெற்றோர் தன்னை ஈன்றனர் என்பதாம்.

பாட்டினுள் சேரன் பெயரோ சோழன் பெயரோ குடவாயிலின் பெயரோ இல்லை. இவை யாவும் குறிப்பினாற் பெறப்படுவன. களவழி நாற்பது பாடிய பொய்கையார் இச்சேரனைத் தம் பாட்டினாற் சிறைமீட்டார் என்னும் மற்றொரு வழக்கும் உண்டு. கலிங்கத்துப் பரணி அதனைக் குறிக்கின்றது. அந்நூலின் போர்க்களம் கழுமலம். புறநானூற்றுக் குறிப்பின் போர்க்களம் திருப்போர்ப்புறம். ஒரு வழக்கின்படி புலவன் சொல் சிறையைத் திறந்தது. மற்றொரு வழக்கின்படி அரசன் சொல் அவன் உயிரோடு முடிந்தது. இவ்விரண்டையும் இணைக்க முயன்ற அறிஞர் பலர். அம்முயற்சியில் ஈண்டுப் புகாமல், குறிப்பின் சொல்லமைப்பை மட்டும் நோக்குவாம்.

கேட்டல், பெறாமை, பெறுதல், உண்ணாமை, சொல்லுதல், துஞ்சுதல் என ஆறு வினைகளால் அக்குறிப்பு இயல்கின்றது. காவலர் 'தாரோம்' என்று மறுத்ததாக அதனுட் கூறப்படவில்லை. 'பெறாது' என்றே உள்ளது. இல்லை என்னும் சொல்லும் இல்லை, ஈதலும் இல்லை. கேட்ட வாய்க்கு எதிர்வாய் திறவாமையே அங்கு நிகழ்ந்ததாகக் கொள்ளலாம். அதற்கு எதிராகச் சேரன் செய்ததும் ஓர் எதிர்மறை வினையே, அஃது உண்ணாமை. ஆளும் தரப்பின் வாளாமைக்கு ஆட்பட்டவன் உண்ணாமையால் விடை கூறினான். இவ்விரண்டனையும் 'மௌனம்' என்னும் ஒரு சொல்லால் எழுதின், அடித்தவன் கையும் அடிபட்டவன் கையும் ஒன்றாகிவிடும்.

3. அவிதல், அடங்கல், ஊமை

சங்க நூல்களுள் மௌனத்திற்குத் தனிப்பெயர் இட்டு வழங்குதலினும், அது நிகழுமாற்றை வினையாற் கூறுதலே பெரும்பான்மை. குறுந்தொகை 6-ஆம் பாட்டில் பதுமனார் நள்ளிரவைக் கூறுமிடத்து மக்களின் சொல் அவிந்தது என்கின்றார். அவிதல் என்பது விளக்கிற்கும் தீக்கும் உரிய வினை. எரிந்துகொண்டிருந்த ஒன்று தணிந்து இல்லையாதல் அதன் பொருள். ஊரெல்லாம் சொல் அவிந்து துயில, தலைவி ஒருத்தி மட்டும் துயிலாதிருக்கின்றாள். சொல் அவிந்தவர்க்கு அது துயில். அவளுக்கு அது தனிமை. ஒரே இரவின் ஒலியின்மை இருதிறத்தார்க்கு இருவேறு பொருள்படுதல் காண்க.

அந்நள்ளிரவைக் குறிக்கும் 'நள்' என்னும் குறிப்புச்சொல்லும் கருதற்பாலது. நெடுநல்வாடையிலும் இது யாமத்திற்கு அடையாக வருகின்றது. ஓசையெல்லாம் ஒழிந்த இருளுக்கும் ஓர் ஓசைக்குறிப்பை நம் முன்னோர் அமைத்தனர். ஒலியின்மையை வெறுமையாகக் கொள்ளாமல், செவியாற் கேட்டற்குரிய ஒன்றாகவே அவர் கொண்டனர் என்பது இதனாற் புலனாகும்.

அவிதலும் அடங்கலும் சான்றோர்க்கும் உரியனவாக வரும். பிசிராந்தையார் தம் தலைமுடி நரையாமைக்குக் காரணம் கூறும் புறநானூற்று 191-ஆம் பாட்டில், தம் ஊரிலுள்ள சான்றோரை இவ்விரு வினைகளாலும் சிறப்பிக்கின்றார். ஈண்டு அவிந்தது வாய் மட்டும் அன்று. புலன்களின் எழுச்சியும் ஆம். இது வல்லார் தாமே மேற்கொண்ட அடக்கம்.

இதற்கு மறுதலையாக, பேச விழைந்தும் பேசமாட்டாதவனையும் சங்கப் புலவர் காட்டியுள்ளனர். குறுந்தொகை 224-ஆம் பாட்டில் கூவன் மைந்தன் என்னும் புலவர், கிணற்றில் வீழ்ந்து துயருறும் பசுவை இரவிற் கண்ட ஊமன் ஒருவனை உவமையாக்குகின்றார். அவன் கண்டது உண்மை. உதவிக்கு ஆள் அழைத்தல் அவனால் இயலாது. ஊமன் என்பது கோட்டானுக்கும் பெயராதலின், மக்களுள் ஊமன் என்று விளங்க 'உயர்திணை' என்னும் அடை அங்குச் சேர்க்கப்பட்டது. வெள்ளிவீதியார் பாடிய 58-ஆம் பாட்டிலும் கையற்ற ஊமன் ஒருவன் வருகின்றான். வெயிற்பாறையில் வைத்த வெண்ணெய் உருகுவதைக் கண்ணால் மட்டும் காக்கின்றான். இவை சொல்லமாட்டாமையின் ஓவியங்கள். பிசிராந்தையார் காட்டும் சான்றோரையும் கூவன் மைந்தன் காட்டும் ஊமனையும் ஒரே சொல்லாற் குறித்தல் தகுமோ என்பதே நாம் எழுப்பும் வினா.

குடவாயிற் கீரத்தனார் பெயரால் வழங்கும் புறநானூற்று 242-ஆம் பாட்டும் ஈண்டு நினைத்தற்குரியது. ஒல்லையூர் கிழான் மகன் பெருஞ்சாத்தன் இறந்தபின், அந்நாட்டிற் பூத்த முல்லையை நோக்கி, இனி இளையோரும் சூடார், வளையணிந்த மகளிரும் கொய்யார், பாணனும் சூடான், பாடினியும் அணியாள், நீயும் பூத்தனையோ என்று புலவர் வினவுகின்றார். அழுகையைப் பற்றிய சொல் அதனுள் ஒன்றும் இல்லை. பாணன் இருந்தும் பண் இல்லாத ஓர் ஊர், சூடாமை, அணியாமை என்னும் எதிர்மறை வினைகளாலேயே நம் முன் நிற்கின்றது.

4. இலக்கணமும் கூற்றின்மையும்

யார் பேசலாம், யார் பேசலாகாது என்பதனைத் தொல்காப்பியம் இலக்கிய விதியாகவே வகுத்தது. செய்யுளியலில் கூற்றிற்கு உரியாரை எண்ணுமிடத்து, ஊராரும் அயலாரும் தலைவியின் தந்தையும் தமையனும் நேரே கூற்று நிகழ்த்துதல் இல்லை என்றும், அவர் சொல்லைப் பிறர் கொண்டெடுத்து மொழிவதே உண்டு என்றும் ஆசிரியர் கூறுகின்றார். அகப்பாட்டில் தந்தை இல்லாமல் இல்லை. அவன் சினமும் காவலும் பாட்டெங்கும் உள. ஆயினும் அவனுக்குக் கூற்று இல்லை. இல்லத்தில் ஆணை செலுத்துவோன் பாட்டில் வாய்திறவாதவனாகவும், இல்லத்தில் வாய்திறக்க அஞ்சும் மகள் பாட்டிற் பேசுபவளாகவும் அமைந்தமை வியத்தற்குரியது.

திருக்குறளில் மௌனம், மோனம் என்னும் சொற்கள் இடம்பெறவில்லை. கற்றார் முன் சொல்லாதிருக்கப்பெறின் கல்லாதவரும் நல்லரே என்பது 403-ஆம் குறளின் கருத்து. முதியோர் அவையில் முந்திக்கொண்டு பேசாத அடக்கத்தை 715-ஆம் குறள் 'செறிவு' என்கின்றது. பயனில சொல்லாமைக்கு ஓர் அதிகாரமே உண்டு. இவ்விடங்களில் எல்லாம் யார், எவ்வவையில், எதனைச் சொல்லாதிருத்தல் நன்று என்பது வரையறுக்கப்பட்டுள்ளது. சொல்லாமை எங்கும் எக்காலத்தும் அறம் என்று வள்ளுவர் கூறிற்றிலர்.

நன்னூலின் பொதுப்பாயிரம் ஆசிரியன் முன் மாணாக்கன் ஓவியப் பாவைபோல் அடங்கியிருக்க வேண்டும் என விதிக்கின்றது. ஆயின் அதே பாயிரம், கேட்டவற்றை மீண்டும் வினாவித் தெளிதலையும், விடைகூறிப் பயிலுதலையும் அவனுக்குக் கடமையாக்குகின்றது. எனவே அவ்வடக்கம் வினாவிற்கு முந்தைய நிலையே அன்றி, வினாவிற்கு மாற்று அன்று.

5. வாளா, சும்மா, பேசாமல்

வாளா என்னும் சொல் பேசாது, தொழிலின்றி, பயனின்றி என்னும் பொருள்களில் வரும். உரையாசிரியர்கள் இதனை வேறொரு வகையாலும் ஆண்டனர். நூலாசிரியர் வரையறை கூறாது பொதுப்படச் சொல்லிச் சென்ற இடங்களில், 'வாளா கூறினார்', 'வாளாது கூறினார்' என அவர் எழுதுவர். கூறினார் என்பதும் வாளா என்பதும் முரண்போலத் தோன்றும். அடைகொடாது, காரணம் காட்டாது, அவ்வளவில் நின்றார் என்பதே கருத்து. கூற்றினுள்ளும் கூறாமை உண்டு என்பதை உணர்ந்து அதற்கு ஒரு சொல்லும் வகுத்தனர் அவர். உய்த்துக்கொண்டு உணர்தலை உத்திகளுள் ஒன்றாக மரபியல் கொண்டதும் இதனோடு இயைவது.

சும்மா என்னும் சொல்லும் இதே வழியிற் சென்றது. சும்மா இருத்தல் என்புழிப் பேசாமையும் செயலின்மையும் பொருளாம். 'சும்மா வந்தேன்' என்புழிக் காரணமின்மை பொருள். 'சும்மா கொடுத்தான்' என்புழி விலையின்மை பொருள். அருணகிரிநாதரும் தாயுமானவரும் இவ்வெளிய உலகவழக்குச் சொல்லை எடுத்து, மனமும் வாக்கும் ஒடுங்கிய மேல்நிலைக்குப் பெயராக்கினர். கடைத்தெருவிலும் சிவயோகத்திலும் ஒரே சொல் வழங்குதல் தமிழின் தனியியல்பு.

'பேசாமல்' என்னும் வினையெச்சமும் இன்றைய பேச்சு வழக்கில் இவ்வழியே செல்கின்றது. 'பேசாமல் நெல்லை விற்றுவிடலாம்' என்று காவிரிக் கழனி உழவர் கூறுங்கால், வாய்மூடி விற்றல் கருத்தன்று. வேறு தடையும் ஆய்வும் இன்றி விற்றலே நலம் என்பது கருத்து. வாளா, சும்மா, பேசாமல் என்னும் மூன்றும் வெவ்வேறு காலத்துச் சொற்கள். மூன்றும் பேசாமையிற் பொருந்தி, 'வேறொன்றும் இன்றி' என்னும் பொருளிற் சேர்ந்தன. பேசாமையைத் தமிழர் தனிப்பொருளாகக் கருதாது, செயலுக்கு அடையாகக் கருதினர் என்பதற்கு இம்மூன்றும் ஒருங்கே சான்று பகர்கின்றன.

6. விடையாகும் வாளாமை

வாளா என்பதனொடு வாய் என்பது சேர்ந்த வாய்வாளாமை என்னும் சொல் மணிமேகலையில் ஒரு குறியீடாக ஆளப்பெற்றுள்ளது. அந்நூலின் முப்பதாம் காதையில் அறவண அடிகள் மணிமேகலைக்குப் பௌத்த அறம் உணர்த்துமிடத்து, வினாவிற்கு விடை நான்கு வகை என்கின்றார். துணிந்து சொல்லல், கூறிட்டு மொழிதல், வினாவின் விடுத்தல், வாய்வாளாமை என்பன அவை. தோன்றிய பொருள் கெடுமோ என்பார்க்குக் கெடும் எனல் முதலாவது. இறந்தவன் மீண்டும் பிறப்பானோ என்பார்க்கு, பற்று அற்றவனோ அறாதவனோ எனப் பிரித்துரைத்தல் இரண்டாவது. வித்து முந்தியதோ பனை முந்தியதோ என்பார்க்கு எவ்வித்திற்கு எப்பனை என்று திருப்பிக் கேட்டல் மூன்றாவது. ஆகாயப் பூப் பழையதோ புதியதோ என்பார்க்கு மறுமொழி கூறாதிருத்தல் நான்காவது.

நான்காவதன் நுட்பம் பெரிது. பழையது எனினும் புதியது எனினும் ஆகாயத்திற் பூ உண்டு என்பதனை ஒப்புக்கொண்டதாகும். வினாவே பொய்யை உள்ளடக்கியிருப்பின், அதற்கு எவ்விடை கூறினும் பொய்யே ஆம். ஆதலின் அங்கு வாய்வாளாமையே மெய்யான விடை. புத்தர் பெருமான் உலகம் நிலைத்ததோ நிலையாததோ என்பன போன்ற வினாக்களுக்கு விடை கூறாது விடுத்தமை பாலி நூல்களிலும் விளங்கக் காணப்படுகின்றது. அக்கோட்பாட்டைத் தமிழிற் பெயர்த்த சாத்தனார் மௌனம் என்னும் வடசொல்லைக் கொள்ளாது வாய்வாளாமை என்றது கருதத்தக்கது. இஃது ஒருவன் செய்வது, ஒரு வினாவிற்கு எதிராகச் செய்வது, காரணத்தோடு செய்வது.

மூன்றாங் குலோத்துங்கன் காலத்தில் சீயகங்கன் வேண்ட நன்னூல் செய்த பவணந்தி முனிவர், சுட்டு, மறை, நேர், ஏவல், வினாதல், உற்றதுரைத்தல், உறுவது கூறல், இனமொழி என விடையை எட்டாக விரித்தார். அவ்வெட்டனுள் வாய்வாளாமை இல்லை. இலக்கணம் சொல்லை ஆராய்வதாகலின் சொல்லாத விடைக்கு ஆங்கு இடமில்லாதாயிற்று எனலாம். ஆயினும் நன்னூல் வழியே பயின்ற பிற்காலத்தார்க்கு, வாளாமையும் ஒரு விடை என்னும் நினைவு மங்கியது.

7. மோனம்

மௌனம் என்பது முனி என்னும் வடசொல்லினின்று பிறந்தது. முனிவனது தன்மை என்பது அதன் முதற்பொருள். பேசாமை அத்தன்மையின் ஓர் உறுப்பாதலின், நாளடைவிற் சொல் அதற்கே உரியதாயிற்று. தமிழில் இது மோனம் எனவும் திரிந்தது. கொன்றைவேந்தன் மோனத்தை ஞானத்தின் எல்லையாகச் சிறுவர்க்குக் கற்பிக்கின்றது. திருமந்திரம் முதலாகச் சைவ நூல்கள் இதனை வீட்டுநெறிக்கு உரிய நிலையாகப் போற்றுகின்றன.

சோழநாட்டுத் திருமறைக்காட்டிற் பிறந்த தாயுமானவர், 1706 முதல் 1732 வரை ஆண்ட விசயரங்க சொக்கநாத நாயக்கரிடம் பணியாற்றியவர். அவருக்கு அருளிய ஆசிரியர் மௌனகுரு என்றே பெயர் பெற்றார். சிவன்கோயில் தோறும் தென்புறச் சுவரில் அமர்ந்துள்ள தட்சிணாமூர்த்தி, கல்லால மரத்தடியில் முனிவர் நால்வர்க்கு வாய்திறவாது கைக்குறியால் உணர்த்திய குரவன். குடவாசலை அடுத்த வலங்கைமான் வட்டத்து ஆலங்குடி அம்மூர்த்தியாலேயே பெயர் பெற்றது. இவையெல்லாம் சொல்லொணாமை என்னும் மூன்றாம் வகையின. ஆங்குச் சொல்லாதவனும் வல்லவன். கேளாமற் கேட்பவனும் அதனை விழைந்து வந்தவன். ஒருவர்க்கும் அதனால் இழப்பு இல்லை.

இடர்ப்பாடு எழுவது இம்மேன்மையான சொல் தன் இடத்தை விட்டு இறங்கி, எல்லா வகைப் பேசாமைக்கும் பொதுவாகுங்கால் ஆம். முனிவனுக்குரிய பெருமை அச்சொல்லின்கண் ஒட்டியிருத்தலின், அஞ்சி வாய்மூடியவனது நிலையும் அதனாற் பெருமை பெற்றதுபோல் தோன்றிவிடுகின்றது. 'மௌனம் சம்மதத்திற்கு அறிகுறி' என்னும் பழமொழியும் இதனோடு சேர்ந்து, பேசாதவன் உடன்பட்டான் எனக் கொள்ளும் பழக்கத்தை வளர்த்தது.

8. அமைதி

அமைதி என்பது அமை என்னும் வினையடியாகப் பிறந்தது. பொருந்துதல், தகுதி, இயல்பு என்பன அதன் பழம்பொருள்கள். 'சொல்லமைதி', 'இலக்கண அமைதி' என்னும் ஆட்சிகளில் அப்பொருள் இன்றும் நிற்கின்றது. மறைமலையடிகள் 1916-இல் தொடங்கிய தனித்தமிழ் இயக்கத்தின் பின்னர், சாந்தி, சமாதானம், மௌனம், நிசப்தம் என்னும் நான்கு சொற்களின் இடத்திலும் பையப்பைய அமைதி புகுந்தது. இன்று போரின்மையும் அமைதி. மன நிறைவும் அமைதி. அவையில் ஒலியின்மையும் அமைதி. நற்றமிழ்ச் சொல் ஒன்று வாழ்வு பெற்றது மகிழ்தற்குரியதே. எனினும் ஓரூரில் ஓசை இல்லை என்பதும், அவ்வூரிற் பூசல் இல்லை என்பதும், அவ்வூரிற் குறை இல்லை என்பதும் ஒன்றாகா. மூன்றையும் 'ஊர் அமைதியாக உள்ளது' என்னும் ஒரே தொடரால் எழுதும் ஆவணம் வரலாற்றாசிரியனை எளிதில் ஏமாற்றும்.

இறந்தாரை நினைந்து நிற்கும் மௌன அஞ்சலியும் புதிய வழக்கே. முதல் உலகப்போரில் இறந்தார் நினைவாக 1919 நவம்பர் 11-ஆம் நாள் பிரிட்டனில் இரண்டு நிமிடம் கடைப்பிடிக்கப்பட்டது முதல் அது உலகெங்கும் பரவியது. இந்தியாவில் சனவரி 30-ஆம் நாள் முற்பகல் 11 மணிக்கு அது கடைப்பிடிக்கப்படுகின்றது. தமிழரின் பழைய இரங்கல் பறையும் ஒப்பாரியுமாக ஒலித்தது. இழந்தவர் வாய்விட்டு அரற்றுதலே இறந்தவர்க்குச் செய்யும் மதிப்பாக இருந்தது.

9. வாய்புதைத்தல்

இனி, பேசாமையைப் பிறர்மேற் சுமத்தியதைக் குறிக்கும் சொற்களை நோக்குவாம். வாய்புதைத்தல் என்பது பெரியோர் முன் கையால் வாயை மூடி நிற்றல். கம்பர் காட்டும் குகன் இராமன் முன் உடல் வளைத்து வாய்புதைத்து நிற்கின்றான். அஃது அன்பினாற் செய்தது. இராமனோ அவனை அருகிருத்த விழைந்தவன். அதே செய்கை காவிரிக் கழனிகளில் அன்பின்றி ஆணையாயிற்று. 'கைகட்டி வாய்பொத்தி நிற்றல்' என்னும் தொடர் பண்ணையாளின் நாள்வாழ்க்கையைக் குறித்தது. 'வாயில்லாப் பூச்சி', 'வாயற்ற சீவன்' என்னும் வழக்குகளும் அவ்வாழ்க்கையொடு பொருந்துவன. இவற்றுள் எதனையும் மௌனம் என்று மக்கள் வழங்கிற்றிலர். வாய் இருந்தும் அது பொத்தப்பட்டது என்பதனை அவர்தம் சொல்லே காட்டுகின்றது.

இருபதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் தஞ்சை மாவட்டத்து உழவுத் தொழிலாளர் சங்கமாகத் திரண்டு கூலியும் உரிமையும் கேட்டனர். சீனிவாசராவ், மணலி கந்தசாமி முதலியோர் அவ்வியக்கத்தை நடத்தியோருள் முதன்மையானவர். 1952-இல் தஞ்சாவூர்க் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 1968 திசம்பர் 25-ஆம் நாள் இரவு, கூலிப் பூசலின் விளைவாகக் கீழ்வெண்மணியில் குடிசை ஒன்றினுள் 44 பேர் எரிந்து மாண்டனர். அவருட் பெண்டிரும் சிறாரும் மிகப் பலர். கேட்டவர்க்கு விடை கூறாமை, பின்னர்க் கேட்ட வாயையே அவித்தல் என்னும் முறையில் அவ்வரலாறு சென்றது. அவிதல் என்னும் தன்வினையும் அவித்தல் என்னும் பிறவினையும் தமிழில் வேறு வேறு. சொல் தானே அவிந்ததா, பிறரால் அவிக்கப்பட்டதா என்று கேட்க மொழி நமக்கு வழி வைத்துள்ளது. அவ்வழியை மறத்தல் கூடாது.

இக்காலச் சட்டமும் இவ்வேறுபாட்டை உணர்ந்தே நடக்கின்றது. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, செய்தியைச் சொல்லாமை மட்டுமே வஞ்சகம் ஆகாது என்றும், சொல்லும் கடமை உள்ளவிடத்தும் சொல்லாமையே சொல்லுக்கு ஒப்பாகுமிடத்தும் அது வஞ்சகம் ஆகலாம் என்றும் விளக்குகின்றது. அரசியலமைப்பின் 20-ஆம் உறுப்பு, குற்றம் சாட்டப்பட்டவன் தனக்கு எதிராகத் தானே சான்று கூறுமாறு வலிந்து செய்யப்படுதலைத் தடுக்கின்றது. நாட்டுப்பண் பாடுங்கால் மதிப்போடு எழுந்து நின்று, தம் சமயக் கொள்கை காரணமாகத் தாம் பாடாதிருந்த கேரள மாணவர் வழக்கில், அவரைப் பள்ளியினின்று நீக்கியது தவறு என உச்ச நீதிமன்றம் 1986-இல் தீர்ப்பளித்தது. ஒருவனது பேசாமை கடமை தவறுதலா, உரிமையா, கொள்கையா என்பது அவன் யார், எந்நிலையில் இருந்தான் என்பதனைப் பொறுத்தது என்னும் கருத்தே இவற்றின் அடிப்படை. சாத்தனார் வினாவின் இயல்பை நோக்கி விடையை வகுத்தது போன்றதே இதுவும்.

10. முடிபு

மேற்கூறியவற்றால், தமிழில் பேசாமைச் சொற்கள் பெரும்பாலும் வினைப்பாங்கின என்பதும், அவை வல்லார் பேசாமை, மாட்டார் பேசாமை, சொல்லொணாப் பொருட்கண் பேசாமை என மூவகைப் பொருளைப் பிரித்துக் காட்டின என்பதும், மௌனம், அமைதி என்னும் பெயர்கள் பொதுவாகப் பரவியபின் அப்பிரிவு மங்கியது என்பதும் பெறப்பட்டன.

கோச்செங்கட் சோழனைத் திருமங்கையாழ்வார் திருநறையூர்ப் பதிகத்தில் கோயில் பல எடுத்த பெருமையோடு பாடுகின்றார். சேக்கிழார் அவனைத் திருவானைக்காவிற் சிலந்தியாக இருந்து மறுபிறப்பில் அரசனான அடியாராகப் போற்றுகின்றார். குடவாயிற் சிறையும் தண்ணீரும் அவ்வடியார் வரலாற்றினுள் இடம்பெறவில்லை. இருவரும் ஒருவரே என்பது பெரும்பாலோர் கொண்ட கருத்து. அங்ஙனமாயின், சேக்கிழாரது வாளாமையைக் கொண்டு சிறைச்செய்தி பொய் என்றல் பொருந்தாது. அவர் எடுத்துக்கொண்ட பொருள் அடியார் பெருமையே ஆதலின் அதனை வாளா விடுத்தார் என்க. அதுபோலவே புறநானூற்றுக் குறிப்பொன்றையே கொண்டு அச்சோழன் கொடியன் எனத் துணிதலும் மிகையாம். நூல்களின் வாளாமைக்கும் மூவகை உண்டு. ஆசிரியன் சொல்ல விழையாமை ஒன்று. சொல்ல இயலாமை மற்றொன்று. அவன் எடுத்த பொருளுக்குப் புறமாதல் பிறிதொன்று. எவ்வகை என்பதனைத் தேராமல் வாளாமையைச் சான்றாக்குதல் ஆகாயப் பூவின் பழமையை ஆராய்தலோடு ஒக்கும்.

பெயரறியாத ஒருவர் அக்குறிப்பை எழுதிவைத்தார். தண்ணீர் கேட்டமையும், பெறாமையும், பின் பெற்றமையும், உண்ணாமையும் தனித்தனி வினைகளாக நிற்கும்படி அவர் எழுதினார். அதனாலன்றோ, எவர் வாய் கேட்டது, எவர் வாய் திறவாதிருந்தது என்பது இத்தனை நூற்றாண்டிற்குப் பின்னும் நமக்கு விளங்குகின்றது. பழைய ஆவணங்களிற் பேசாதிருப்போரை எழுத முற்படுவார், 'மௌனம் நிலவியது' என்று எழுதுமுன், அந்த ஆறு வினைகளையும் ஒருகால் நினைத்தல் நன்று.